இரண்டாம் மதிப்பீட்டாளரும் எங்கள் வீட்டு ஹெல்மெட்டும்

வரலாற்றுத் துறையில் ஒரு கட்டுரை எழுதி அது அச்சில் வருவதற்குள், பண்ருட்டிப் பக்கம் நட்ட பலாக்கன்று காய்ப்புக்கு வந்துவிடும். எரிச்சலில் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் சரியாகத்தான் நினைக்கிறார்கள். என் கட்டுரை ஒன்று அப்படி அலைந்தது. எங்கள் வீட்டு ஹெல்மெட்டைப் பற்றிய கட்டுரை அது.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸில். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டின் கேட்டில் சுரங்க ஹெல்மெட் தொங்குகிறதோ, அந்த வீட்டின் காலிங் பெல்லை யாரும் தொடக் கூடாது. உள்ளே ஒருவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறார் என்று அர்த்தம். காய்கறி வண்டிக்காரர் அந்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறப்பார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு தெருவின் அடுத்த கோடிக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் வந்தால்கூட யாராவது ஓடிப்போய் அடுப்பை அணைப்பார்கள். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து சேர்ந்த குடும்பங்கள், சாம்பார் எப்படி வைப்பது என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டார்கள்.

படித்து, முனைவர் பட்டமும் வாங்கி, ஊர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்த பிறகுதான் இது ஆராய்ச்சிக்குரிய சங்கதி என்று எனக்கு உறைத்தது. கௌரவ விரிவுரையாளர் என்றால் என்னவென்று அப்பா ஒருநாள் கேட்டார். கல்வியாண்டு முடிந்தால் வேலையும் முடியும், மறுபடி கூப்பிட்டால் உண்டு என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கான்ட்ராக்டுன்னு சொல்லு" என்றார். அவரும் பல வருஷம் கான்ட்ராக்டில் இருந்து பிறகு பர்மனென்ட் ஆனவர். அதனால் என் துறையைப் பற்றி அவருக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

நான் பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் நல்ல ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வந்திருக்க வேண்டும். தமிழில் எழுதினால் நாலு பேர் படிப்பார்கள், ஆனால் கணக்கில் சேராது. ஆங்கிலத்தில் எழுதினால் கணக்கில் சேரும், படிக்கத்தான் ஆள் இருக்காது. இதற்கு நடுவில் தினமும் மின்னஞ்சல்கள் வேறு. 'பெருமதிப்பிற்குரிய பேராசிரியரே, தங்கள் கட்டுரைக்காக ஆவலுடன் காத்திருக்கிறோம்' என்று ஆரம்பிக்கும். என்னை அவ்வளவு ஆவலாக யாரும் எதிர்பார்த்ததே கிடையாது. ஒரு இதழ் என்னை எலும்பு அறுவைச் சிகிச்சை பற்றி எழுதச் சொல்லி அழைத்தது. பணம் கட்டினால் ஒரு வாரத்துக்குள் வெளியிட்டுவிடுவார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"யார் எழுதுனாலும் போட்டுடுவானா?"

"போட்டுடுவாங்கப்பா."

"அப்ப அது போஸ்டர்" என்றார்.

எனவே ஒழுங்கான இதழுக்கே அனுப்பினேன். மாதங்கள் ஓடின. கட்டுரை இருக்கிறதா செத்ததா என்று தெரியாமல் நானும் கல்லூரிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். கடைசியில் மதிப்பீடுகள் வந்தன. இந்த முறையில் கட்டுரையை யார் எழுதியது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது. யார் மதிப்பிட்டார் என்று எழுதியவருக்கும் தெரியாது. இப்படி முகமூடி போட்டுக்கொண்டுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறோம். முதலாம் மதிப்பீட்டாளர் இரண்டே வரியில் பாராட்டிவிட்டார். அவர் முழுவதும் படித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். இரண்டாம் மதிப்பீட்டாளர் படித்திருந்தார். என் வயிறு எரிகிற அளவுக்குப் படித்திருந்தார்.

அவர் எழுதியதன் சாரம் இதுதான். ஆண்கள் தூங்குகிறார்கள், தெரு அமைதியாக இருக்கிறது, நல்லது. அந்த அமைதியைக் காத்த பெண்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கட்டுரையில் அவர்களைக் காணவில்லை. இதற்குப் பதில் இல்லாமல் கட்டுரையை ஏற்கப் பரிந்துரைக்க முடியாது.

அன்று பூராவும் அந்த ஆளைத் திட்டினேன். சாயங்காலம் வண்டியில் வீடு திரும்பும்போதுதான், அவர் கேட்டது நியாயம் என்று பட்டது. நியாயமாகப் பட்டதால் கோபம் இன்னும் கூடியது.

ஆங்கிலத் துறைத் தோழி ஒருத்தி, "இதையெல்லாம் ஏஐ-கிட்ட குடுத்துடு, நாலு பத்தி எழுதிக் குடுத்துடும்" என்றாள். கொடுத்துப் பார்த்தேன். 'சுரங்கத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் மௌனத்தையே எதிர்ப்பின் மொழியாக மாற்றினர்' என்று அழகாக எழுதிக் கொடுத்தது. அதற்கு ஒரு புத்தகத்தை ஆதாரமும் காட்டியது. தேடினேன், அப்படி ஒரு புத்தகமே இல்லை. வாக்கியம் மட்டும் பல ஆய்வேடுகளில் படித்த மாதிரியே இருந்தது. அதை மூடி வைத்துவிட்டு, அம்மாவிடமே கேட்பது என்று முடிவு செய்தேன்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே ஒரு மனையில் வீடு கட்டிக்கொண்டு வந்திருந்தோம். அம்மா சமையலறையில் பேப்பரை விரித்துப்போட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா கடைவீதிக்குப் போயிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து, மதிப்பீட்டாளரின் கேள்வியை அப்படியே கேட்டேன்.

"ஹெல்மெட் தொங்கறப்ப நீ என்னம்மா செஞ்சுகினு இருப்ப?"

அம்மா கை வேலையை நிறுத்தவில்லை. ஒரு சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கி எடுத்தாள். "எப்ப தொங்கறப்ப?" என்றாள்.

"எப்பன்னா? அப்பா நைட் ஷிப்ட் முடிச்சி வந்து தூங்கறப்ப."

"அப்பவா? அப்ப எங்க சும்மா இருக்கறது. சத்தம் போடாம எல்லா வேலையும் செய்யணும். பாத்திரத்த துணி விரிச்சி வெப்பேன்." அடுத்த சுளையை எடுத்தாள். "அவரு வூட்ல இல்லாதப்பவும் தொங்கும்டி."

எனக்குப் புரியவில்லை. அம்மா எட்டி வாசல் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் சொன்னாள்.

அப்பாவிடம் பழைய ஹெல்மெட் ஒன்று, புதிய ஹெல்மெட் ஒன்று என்று இரண்டு இருந்தன. புதியதைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பழைய ஹெல்மெட்டைக் கொண்டுபோய்க் கேட்டில் மாட்டிவிடுவாளாம். நான் பள்ளிவிட்டு வருவதற்குள் அது உள்ளே போய்விடும். எல்லா நாளும் இல்லை. முடியாத நாளில் மட்டும்.

"யாரும் பெல் அடிக்க மாட்டாங்க. உங்க அத்தகூட."

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. திருவதிகையில் இருக்கிறார். பண்ருட்டிக்கு எந்த வேலையாக வந்தாலும் அப்படியே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்ததும் அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பார். அம்மாவின் சமையல், பிள்ளை வளர்ப்பு, புடவை மடிப்பு என்று எதையும் விடமாட்டார். ஒருமுறை மத்தியான வெயிலில் ஒரு முழுப் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு வந்தவர், ஹெல்மெட்டைப் பார்த்ததும் தம்பி தூங்குகிறான் என்று பழத்தைக் கேட்டுக்கு உள்பக்கம் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போயிருக்கிறார். அம்மா ஜன்னல் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"பாவமாத்தான் இருந்துச்சி. ஆனா கதவத் தொறக்கல."

இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டது இதைத்தானே. "அந்த நேரத்துல என்னம்மா செஞ்ச? படிச்சியா?"

"இல்ல."

"ஏதாவது எழுதுனியா? பாட்டு கேட்டியா? தனியா ஒக்காந்து அழுதியா?"

"நான் ஏன்டி அழுவறேன்? ஃபேன் காத்துல தரையில படுத்துகினு ஃபேனயே பாத்துகினு இருப்பேன். யாரும் கூப்புட மாட்டாங்க. அவ்ளோதான்."

நான் எதிர்பார்த்தது வேறு. அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் விடியுமுன் எழுந்து அவள் சமைத்தாக வேண்டும். செகண்ட் ஷிப்ட் என்றால் அவர் வந்து சாப்பிடும்வரை விழித்திருக்க வேண்டும். கம்பெனி அப்பாவுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு ஷிப்ட்தான் கொடுத்தது. எங்கள் பள்ளிக்கூட நேரமும் சேர்ந்துகொண்டு அம்மா எல்லா ஷிப்டும் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைவிடப் பெரிய ஆசை என்ன இருந்திருக்க முடியும்? கட்டுரைக்கு உயிர் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"எதுத்த வூட்லயும் சில நாளு அப்பிடித்தான் தொங்கும். யாரும் யாரயும் கேட்டுக்கறது கெடையாது" என்று சொல்லிவிட்டு, அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "இத நீ எழுதக் கூடாது."

"அம்மா."

"எழுதக் கூடாதுன்னா எழுதக் கூடாது. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா நான் சாவற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா..." அவருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளே யோசித்துப் பார்த்ததில்லை என்று தோன்றியது.

பெயர் போட மாட்டேன் என்றேன். எங்கள் துறையில் பேட்டி கொடுத்தவர்களின் பெயரை மறைத்து, தகவலாளி ஒன்று, தகவலாளி இரண்டு என்றுதான் எழுதுவோம். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "எழுதறவ பேரு உன்னுது. ஹெல்மெட்டு உங்க அப்பாவுது. கேட்டு நம்ம கேட்டு. அப்பறம் அந்தப் பொம்பள யாருன்னு ஊர்ல யாருக்கும் தெரியாதா?"

ஆய்வு நெறிமுறை பற்றி மூன்று நாள் பயிலரங்குக்குப் போயிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. கடைசி ஆயுதமாக, "அந்த இதழப் பணம் கட்டினாத்தான் படிக்க முடியும்மா. மொத்தமே நாலு பேர்கூடப் படிக்க மாட்டாங்க" என்றேன்.

"அப்ப எதுக்குடி எழுதற?" என்றாள் அம்மா.

நான் ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

திருத்தி அனுப்பக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கல்வியாண்டு நேர்காணலுக்கு முன்னால் கட்டுரை ஏற்கப்பட்டால் எனக்கு ஒரு வழி பிறக்கும். இல்லாவிட்டால் மறுபடி கான்ட்ராக்ட்தான். அம்மா சொன்னதை ஒரு பத்தியாக எழுதினேன். என் கட்டுரையில் அவ்வளவு நல்ல பத்தி வேறு இல்லை. இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்றாம் நாள் வெட்டிவிட்டேன். அழுகை வந்தது, ஒளிப்பானேன். அம்மாவின் மத்தியானத்தை விற்று பர்மனென்ட் ஆவதா என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். அரைமணி நேரத்தில் அந்தப் பெருந்தன்மை தீர்ந்துபோய், மறுபடி எரிச்சல்தான் மிச்சம் இருந்தது. வெட்டிய இடத்தில் மழுப்பலாக ஏதோ நாலு வரி எழுதி வைத்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் அப்பா கேட்டார், "என்னப் பத்தி என்னா எழுதியிருக்க, படிச்சிக் காட்டு." அவர்தான் தகவலாளி ஒன்று. அந்தப் பட்டத்தில் அவருக்கு உடன்பாடே இல்லை. "சர்வீஸ் பூரா டோக்கன் நம்பரு. இப்ப நீயும் நம்பரே குடுத்துட்ட" என்று ஏற்கெனவே குறைப்பட்டிருந்தார்.

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆங்கிலத்தில் அரைப் பக்கம் ஓடிய வாக்கியம், தமிழில் சொன்னால் 'ஹெல்மெட் தொங்கினால் யாரும் பெல் அடிக்க மாட்டார்கள்' என்று முடிந்துவிடுகிறது. அப்பா பொறுமையாகக் கேட்டார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை நான் கவனித்தேன், அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் அப்பா, "நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ண வுட்டுட்ட" என்றார்.

"என்னப்பா?"

"ஒருநாளு ஜெனரல் ஷிப்ட்ல இருந்தேன். கன்வேயரு பெல்ட்டு நின்னுபோச்சி, போங்கன்னு மத்தியானமே அனுப்பிட்டாங்க. சைக்கிள்ல வரேன், நம்ம வூட்டு கேட்ல ஹெல்மெட்டு தொங்குது. என் ஹெல்மெட்டு."

எனக்குத் தலையைச் சமையலறைப் பக்கம் திருப்பவே பயமாக இருந்தது.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்னா செய்யறது. போய் டீக்கடையில ஒக்காந்தேன்."

"நம்ம வீடுப்பா அது. நீங்க வெளிய நிக்கறீங்க. உள்ள ஷிப்ட் முடிச்சித் தூங்கறதுக்கு வேற யாரு இருக்கா?"

அப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவள் இதைக் கேட்கிறாளே என்பது போல. "ஹெல்மெட்டு தொங்குனா பெல் அடிக்கக் கூடாது. அவ்ளோதான. யாருது, என்னாதுன்னு எவன் பாத்தான்? நாலஞ்சி டீ குடிச்சப்பறந்தான் எனக்கே ஒறச்சிது, அது என் வூடுன்னு." சிரித்தார். "அப்பறமும் ரெண்டு மூணு வாட்டி அப்பிடி ஆச்சி. அவ மேலுக்கு முடியாம படுத்திருப்பான்னு நெனச்சிக்குவேன். நிம்மதியா இருக்கட்டும்னு நானாத்தான் வுட்டுக் குடுத்தேன்."

அம்மா வெளியே வந்தாள். கையில் கரண்டி. அவள் அழுவாள் என்று நினைத்தேன். குறைந்தபட்சம் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"என்னா குடுத்தீங்க?"

அப்பா விழித்தார். "இல்ல, நீ தூங்கட்டும்னு..."

"நீங்க குடுத்தா நான் படுத்தேன்? எத்தன பயந்துகினு, யார் வராங்களோன்னு காத வாசல்லயே வெச்சிகினு, நானா எடுத்துகினது அது. இத்தினி வருசம் கழிச்சி, நாந்தான் குடுத்தேன்னு ஒக்காந்துகினு கதையா சொல்றீங்க?"

வேறு நாளாக இருந்தால் அப்பா பதிலுக்குக் கத்தியிருப்பார். அன்று, "சரி. நான் குடுக்கல" என்றார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோ."

"எதை?"

"நான் சொன்னத. நான் எடுத்துகினேன்னு எழுது. அவரு குடுத்தாருன்னு ஒரு எடத்துல வந்துச்சி, அப்பறம் பாத்துக்கோ."

"அத்தை?"

"அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சொன்னாளா, சொன்னதற்கு அத்தை என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

வெட்டிய பத்தியைத் திரும்பச் சேர்த்தேன். அப்பாவின் டீக்கடையை ஒரு அடிக்குறிப்பில் வைத்தேன். இரண்டாம் மதிப்பீட்டாளர் இந்தமுறை ஒரே வாரத்தில் பதில் எழுதினார். ஏற்றுக்கொள்ளலாம் என்று எழுதியவர், கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். தன் தாயும் ஷிப்ட் தொழிலாளி ஒருவரின் மனைவிதான் என்றும், இந்தக் கேள்வியை அவரிடம் தான் கேட்டதே இல்லை என்றும். யார் என்று தெரியாத அந்த மனுஷர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வரியில் போய்விட்டது.

கட்டுரை வெளியாகிவிட்டது. எங்கள் கல்லூரி அந்த இதழுக்குச் சந்தா கட்டுவதில்லை, அதனால் என் கட்டுரையை என்னாலேயே திறக்க முடியவில்லை. எழுதியவருக்கென்று அனுப்பிய பிரதியை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். தன் எண் எத்தனை என்று கேட்டாள். "ஏழு" என்றேன். அப்பாவுக்கு ஒன்று என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேர்காணல் முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. தினமும் அதை நினைத்துத்தான் எழுந்திருக்கிறேன்.

போன வாரம் மத்தியானம் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்தேன். நல்ல வெயில், நல்ல பசி. எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். வண்டியை நிறுத்தப் போன என்னைப் பார்த்து, உதட்டில் விரலை வைத்துக் கையை ஆட்டினார். கேட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் துணி கிளிப்புகள் போட்டு வைத்திருந்த அந்தப் பழைய மஞ்சள் ஹெல்மெட், கழுவித் துடைத்து, அதன் வாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் டீக்கடைக்காரரிடம் குரலை இறக்கி, "இன்னொரு டீ" என்றார்.